வலது கையுறை

பாப்பாவின் அம்மாவுக்கு,

போனில் என் குரல் கேட்டாலே அழுகிறாய், அதனால் எழுதுகிறேன். கிருமாம்பாக்கத்தில் உன் அம்மா மாத்திரையை வேளைக்குக் கொடுக்கிறார்களா?

இரும்புச் சீவல் உன் விரல்களைக் கிழிப்பது பொறுக்காமல், கம்பெனி ஸ்டோரில் இருந்ததிலேயே தடித்த கையுறையைத் தேடி எடுத்துத் தந்தவன் நான். "சுத்துற மெஷினாண்ட இதெல்லாம் போடக் கூடாதுன்னாங்களே" என்றாய். "ஸ்டோர்காரன் நான் சொல்றேன், போட்டுக்கோடி" என்றேன். டிரில் மெஷின் வலது உறையைத்தான் கையோடு சுற்றி இழுத்தது.

விசாரணையில், நீயாகவே எடுத்துப் போட்டுக்கொண்டதாகச் சொன்னாயாம். என் வேலைக்காக. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாளை போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

கீழே, பழக்கத்தில் 'பதில் எழுது' என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். அந்த இடத்தைப் பார்க்காதே.

உன் வீட்டுக்காரன்