நொச்சித்துறைச் சாட்சிக்குரிய கணினி குறித்துப் பவழப்பட்டினத் தூதருக்கு

வளம் பெருகுக. நொச்சியாறு பாயும் ஏழு கூற்றத்துக்கும் காவலரும், மேற்குமலைக் கணவாய்க்கு உடையவரும் ஆகிய எயினன் சேந்தன், பவழப்பட்டினத்தில் நம் கொடியைத் தாங்கி வீற்றிருக்கும் தூதர் பொறையன் கீரனாருக்கு விடுக்கும் ஓலை. உம்மை ஏற்றிருக்கும் பட்டினத்தில் கலங்கள் பழுதின்றிக் கரை சேர்க. அதன் மூத்தோர் நலமே வாழ்க. உம் மனையில் விளக்கு நின்று எரிக.

முறைக்குச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். இனி விஷயம்.

இவ்வோலை வரும்போது நீர் உண்டுகொண்டிருந்தால் கையைக் கழுவிக்கொண்டு எழுந்திரும். உம்மிடமுள்ள அரண்மனைக் கேமராவைக் கணினி வணிகனிடம் கொடாதீர். அதை வாங்கிக்கொண்டு புதிய கணினி தருகிறேன் என்று அவன் சொன்னதற்குச் சென்ற வாரம் நாமே இசைந்து முத்திரை வைத்தோம். அந்த இசைவு இன்றோடு செத்தது. வியாழனன்று மாற்றிக்கொள்வதாக எழுதியிருந்தீர். இன்று திங்கள். குதிரைக்கு மூன்று நாள் வழி. அதனால்தான் உட்கார முடியாமல் நின்றுகொண்டே இதை எழுதுகிறேன். அலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பீர். நாம் அதில் தும்மினாலும் எதிர்க்கரைக்காரன் காதில் விழுகிறது. அதை நான் நம்பவில்லை.

நடந்தது இது. நொச்சித்துறையின் எல்லைக்கல் முன்பு எந்தக் கரையில் நின்றது என்பதைக் கண்ணால் கண்டவள் ஓடக்காரி வெள்ளச்சி ஒருத்தியே. அவள் சொன்னதை ஆறு மணி நேரம் நீர்தான் எச்.டி. வீடியோவாகப் பதிந்தீர். நீர் பட்டினம் போன எட்டாம் நாள் அவள் இறந்துவிட்டாள். வரும் பௌர்ணமியன்று ஐந்து நாட்டு நடுவர் கூடுகிறார்கள். சாட்சிக்கு அரை மணி நேரம்தான் தருவார்கள். ஆறு மணி நேரத்தை அரை மணியாகத் தொகுத்துக் காட்டாவிட்டால் துறை எதிர்க்கரைக்குப் போகும். ஓடக்காரக் குடிகள் இருநூறும் தங்கள் சொந்த ஆற்றில் இறங்க அயலானிடம் அனுமதிச் சீட்டு வாங்கி நிற்க வேண்டும்.

தொகுக்க அமர்ந்தவள் நல்லினி. நம் படக்கூடத்தில் வேலை தெரிந்தவள் அவள்தான். பழைய கணினியில் வீடியோவை ஓட்டினால் வெள்ளச்சி வாயைத் திறப்பாள், திறந்த வாய் திறந்தபடியே நிற்கும். கணினி கிழடாகிவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்றது வணிகன் வாக்கு. விற்கிறவன் வேறென்ன சொல்வான் என்று நல்லினியைக் கேட்டேன். பாதி உண்மை ராசா என்றாள். கேமரா இடம் மிச்சம் பிடிப்பதற்காக ஒரு படத்தை முழுதாக எழுதுமாம். அடுத்த படங்களில் மாறியதை மட்டும் குறிக்குமாம். நடுவில் ஓரிடத்தில் வெட்டப் போனால் கணினி பின்னால் ஓடி முழுப் படத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து கூட்டிக் கூட்டி வர வேண்டுமாம். இப்படிச் சுருக்கி எழுதும் முறைக்குக் கோடெக் என்று பேர்.

எனக்கு உடனே விளங்கியது. நம் நாட்டு ஓலையில் மேற்படி என்று எழுதுவது குற்றம். ஓர் ஏடு தொலைந்தால் அடுத்த ஏடு ஊமையாகிவிடும் என்பதால், பெயரோ ஊரோ எத்தனை முறை வந்தாலும் முழுதாகவே எழுத வேண்டும் என்பது சட்டம். கேமரா மேற்படி போட்டிருக்கிறது. நீ எல்லாப் படத்தையும் முழுதாக எழுது என்றேன். அதற்கும் கோடெக் உண்டு, ஆனால் கணினியின் வட்டில் இடமில்லை, சின்ன அளவில் எழுதி வெட்டிக்கொள்கிறேன், கடைசியில் மூலத்தோடு சேர்த்துவிடலாம் என்றாளாம். கடைசிச் சொல்லை நான் காதில் வாங்கவில்லை. சின்ன நகல் தடையில்லாமல் ஓடியது. மகிழ்ந்துபோய் நகல் சரி என்று முத்திரை வைத்தேன்.

மேலே சொல்ல வாய் கசக்கிறது. நகல் சரி என்று முத்திரை விழுந்தால் மூல ஓலை ஆற்றுக்குப் போக வேண்டும் என்பது நம் வழக்கம். ஓலைக்காப்பாளர் மருதனார் வழக்கம் தவறாதவர். நல்லினி சோறு உண்ணப் போன நேரத்தில், நீர் எடுத்த மூல வீடியோ இருந்த மெமரி கார்டைத் தாம்பாளத்தில் வைத்து, மஞ்சள் தடவி, பூச்சாற்றி, மேளத்தோடு கொண்டுபோய் நொச்சியாற்றில் விட்டுவிட்டார். ஓலையாவது சற்று மிதக்கும். இது மூழ்கிவிட்டது. முத்திரை இருந்துச்சு, விட்டேன், அதுல எழுத்து இருக்கா இல்லையான்னு எனக்கென்ன தெரியும் சாமி என்று அழுதார். அவர் மேல் குற்றமில்லை. முத்திரை என்னுடையது.

இப்போது கையிலிருப்பது சின்ன நகல் மட்டும். அதில் குரல் கேட்கிறது, முகம் தெரிகிறது. ஆனால் வெள்ளச்சி விரல் வைத்துக் காட்டுகிற எல்லைக்கல்லின் எழுத்து வெறும் அழுக்குத் திட்டாகத் தெரிகிறது. எந்தக் கல் என்று எதிர்க்கரைக்காரன் கேட்டால் பதில் இல்லை.

நல்லினி அழுது முடித்துக் கேட்டாள், கேமரா எங்கே என்று. அதில் கார்டு செருக இரண்டு இடமாம். இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி நீர் வைத்திருந்ததாக அவளுக்கு நினைவு. எங்களுக்கு வந்தது ஒன்று. மற்றது உள்ளேயே இருக்க வேண்டும். அந்தக் கேமராவைத்தான் கொடுத்துவிடும்படி நாம் முத்திரை வைத்தோம்.

ஆகவே ஆணை. கேமராவின் எந்தப் பொத்தானையும் தொடாமல் கார்டை எடுத்து மடியில் கட்டிக்கொள்ளும். வணிகனோ அவன் ஆளோ அதைச் சோதித்துப் பார்க்கக் கேட்டாலும் தராதீர். கேமரா ஏற்கெனவே கை மாறியிருந்தால் வணிகன் வாசலில் போய் உட்காரும். கணினியே வேண்டாம், கேமராவைத் திருப்பு என்று சொல்லும். நம் பெயரைச் சொல்லிச் சண்டை போட்டாலும் சரி.

கேமராவைத் தராமல் காசு கொடுத்துக் கணினி வாங்குவதானால் வணிகன் எழுதிய பட்டியலை அப்படியே வாங்காதீர். வண்ண விளக்கு எரியும் பெட்டி நமக்கு எதற்கு? தேர்த் திருவிழாவா நடத்துகிறோம்? இருப்பதிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டாம்; கேமராவின் கோடெக்கைத் தானே பிரித்துப் படிக்கத் தெரிந்த நடுத்தரமானது போதும் என்கிறாள் நல்லினி. ரேம் அறுபத்து நான்கு ஜி.பி. இருக்கட்டும். எஸ்.எஸ்.டி. இரண்டு, கணினி நடக்க ஒன்று, வீடியோ வைக்கப் பெரிதாக ஒன்று. முழு அளவில் முழுப் படமாக எழுதினால் ஆறு மணி நேரமும் அதில் அடங்க வேண்டும். மூலத்தை வைக்க வெளியே தனி வட்டு ஒன்று. மின்சாரம் தரும் பெட்டி மட்டமாக இருந்தால் மற்றதெல்லாம் வீண். நிறத்தை உள்ளபடி காட்டும் திரை வாங்கும். கல்லின் எழுத்து அதில்தான் தெரிய வேண்டும். அவன் வாய்ப்பேச்சை நம்பாதீர். இதே வகைக் கேமராவில் எடுத்த அவன் வீடியோ மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓட்டச் சொல்லும். நடுவில் ஒரு முறை நின்றாலும் எழுந்து வந்துவிடும்.

பதிவு முடிந்த அன்று நீர் கேமராவை அணைத்த பிறகு வெள்ளச்சி என்னிடம் ஒன்று கேட்டாள். உமக்குத் தெரியாது. நான் சொன்னத அந்தக் கரைக்காரன் கேப்பானா ராசா, இல்ல நான் செத்தப்பறம் கெழவி ஒளறிட்டுப் போனான்னு சொல்லிருவானா என்றாள். கேட்க வைக்கிறேன் என்று அவள் துடுப்பைத் தொட்டுச் சொன்னேன். அவளுக்கு முன்னால் நான் அரசனாகச் சொல்லவில்லை.

குதிரைக்காரன் வாசலில் நிற்கிறான். கார்டு உம் மடியில் இருக்கிறதென்றால் அவன் கையில் இரட்டை முடிச்சிட்ட நூலைக் கட்டி அனுப்பும்; இல்லையென்றால் முடிச்சில்லாத நூல். கார்டை அவனிடம் கொடாதீர், நீரே கொண்டுவாரும்.

இது நொச்சியாறு பாயும் ஏழு கூற்றத்துக் காவலர் எயினன் சேந்தன் தம் கையால் எழுதி, தாமே படித்துப் பார்த்து இட்ட முத்திரை. இன்று முதல் நம் நாட்டில், நகல் சரியென்று முத்திரை விழுந்தாலும் மூலம் ஆற்றுக்குப் போகாது. இந்த ஓலையும் போகக்கூடாது.