மூடுபனிக்குக் காத்திருந்த கொடி

மெல்பேர்ன், 1978 ஏப்ரல் 23. எனக்கு இன்று எழுபத்திரண்டு வயதும் பதினொரு நாளும். காலையில் மூடுபனி வேலியை மறைத்திருந்தது. நீங்கள் நட்ட கொடியிலிருந்து ஒரு குலை பறித்துத் தின்றேன். இனித்தது. இந்த மடலுக்கு அதுதான் காரணம். மற்றப்படி எழுதுவதே களைப்பு.

மகன் வீட்டுக்கு நாம் வந்துசேர்ந்த புதிதில், பக்கத்து வீட்டு இத்தாலியர் ஒருவர்தான் உங்களுக்குக் கிடைத்த சிநேகிதர். மாலைதோறும் வேலியின் இருபுறமும் கதிரை போட்டுக் கதைத்தீர்கள். தம் ஊர் வைன் திராட்சையின் தடியொன்றை அவர் தந்தார். நெபியோலோ என்று பெயர். முந்தித் துளிர்த்து, எல்லாவற்றுக்கும் பிந்திப் பழுக்கும்; மெல்லிய தோலுக்குள் அவ்வளவு துவர்ப்பு.

"உம்மைப் போலத்தான்" என்றீர்கள் என்னிடம்.

மூன்றாம் ஆண்டு காய்த்தது. பெப்ரவரியில் நிறம் மாறியதும் பழுத்துவிட்டதென்று நம்பி, முதற்பழம் சிவராத்திரிக்கே என்று அறுத்துப் படைத்து, வந்தவர்களுக்கும் கொடுத்தீர்கள்.

"அண்ணை, இது முந்திரிகையோ, பச்சைப் பாக்கோ?" என்று திராட்சையைத் துப்பியபடி ஒருவர் கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. மறுநாள் வேலியடிக்குப் போய், காட்டுக்கொடியைத் தந்து அவமானப்படுத்தியதாக இத்தாலியரை ஏசினீர்கள்.

"நான் சொன்னேன்! சொன்னேன்!" என்று அவர் கத்தினார்.

"பொய்யன். இனி அந்தாளோடை எனக்குக் கதையில்லை" என்றபடி கதிரையை உள்ளே தூக்கி வந்தீர்கள். நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் உங்கள் மாலைகள் யன்னலோரத்தில் கழிந்தன. அடுத்த சிவராத்திரிக்கும் பிடிவாதமாக அறுத்தீர்கள், அதே துவர்ப்பு. அந்தக் குளிர்காலத்தில் போய்விட்டீர்கள். செத்தவீட்டில் அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி கடைசி வரிசையில் நின்றார். ஆண்டுதோறும் யூலையில் கேளாமலே வந்து கொடியைக் கவ்வாத்துச் செய்கிறார். என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. முதற் காய்ப்பின்போது, நீங்கள் மூக்குக்கண்ணாடி மாற்றப் போயிருந்த ஒரு பகலில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என்னிடம் வேலிக்கு மேலால் சொன்னார்: "நிறத்தை நம்பக் கூடாது. ஏப்ரல், மூடுபனி வந்த பிறகுதான் பழம். அவரிடம் சொல்லுங்கள்."

தாவரவியல் படித்தவளை மணந்து நாற்பத்துமூன்று ஆண்டுகள் வாழ்ந்தீர்கள். ஒரு செடியைப் பற்றியும் என்னிடம் கேட்டதில்லை. ஒருமுறையாவது நீங்கள் பிழைவிடுவதைப் பார்க்க விரும்பினேன். ஆகவே சொல்லவில்லை. கதிரை உள்ளே வந்த அன்றும் சொல்லவில்லை.