மூக்கையா உயிரோடு இருக்கிறார்

முதலிபாளையம்,
16.9.2008

அன்பு மகன் கதிர்வேலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், நீயும் தரணியும் பாப்பாவும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க சிவன்மலை முருகனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் வீட்டில் சர்க்கரை இல்லாமல் டீ குடித்துவிட்டு டீக்கடையில் போய்ச் சர்க்கரை போட்டுக் குடிக்கிறார். குன்னத்தூரில் மாமாவின் காட்டில் இந்த முறை கடலை பரவாயில்லையாம். போன வாரம் நீ போன் செய்தபோது அம்மா ஏன் ஒரு மாதிரியாகப் பேசுகிறீர்கள், உடம்புக்கு என்ன என்று மூன்று தடவை கேட்டாய். உடம்புக்கு ஒன்றுமில்லை கண்ணு. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

என் நாலாம் வகுப்புக்குப் பெஞ்சும் புத்தக அலமாரியும் வேண்டும் என்று இன்டர்நெட்டில் எழுதிப்போடலாம், படிக்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள் என்று நீ சொன்னாய் அல்லவா. முதலில் நான் உள்ளதைத்தான் எழுதினேன், முப்பத்தெட்டுப் பிள்ளைகள், சிமென்ட் தரை, மழை வந்தால் ஒரு மூலையில் ஒழுகும் என்று. ஒரு மாதம் ஆகியும் இரண்டே பேர்தான் கொடுத்தார்கள். ஒரு குழந்தையைப் பற்றி எழுதுங்கள் அம்மா, படிக்கிறவர்கள் மனதில் நிற்கும் என்றாய். நீ சொன்னதில் தப்பில்லை. விஜயராணியைப் பற்றி எழுதி அனுப்பினேன், அப்பா இறந்துவிட்டார், அம்மா பனியன் கம்பெனிக்குப் போய்த் தனியாக வளர்க்கிறாள், பிள்ளை தரையில் உட்கார்ந்து படிக்கிறது என்று. அதில் தரையில் உட்கார்ந்தது மட்டும்தான் உண்மை. அவள் அப்பா மூக்கையா உயிரோடு இருக்கிறார், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறார். நீ அதை உண்மை என்று நம்பித்தான் உன் ஆபீஸில் எல்லோருக்கும் படித்துக் காட்டியிருக்கிறாய். பத்து நாளில் பெஞ்சுக்கும் அலமாரிக்கும் சேர்ந்துவிட்டது, அம்மா எழுத்துக்கு எவ்வளவு சக்தி என்று நீ பெருமைப்பட்டாய். அந்தப் பெருமையை நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் லீவில் ஊருக்கு வந்த உன் ஆபீஸ் நண்பர், பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். நல்ல மனுஷன், விஜயராணிக்கு ஒரு பட்டுப்பாவாடை வாங்கி வந்திருந்தார். அவள் தலையைத் தடவி, அப்பா இல்லைன்னு கவலைப்படாதே பாப்பா, நாங்க இருக்கோம் என்றார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்து, எங்கப்பா கம்பெனிக்குப் போயிருக்காக என்றாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்த இடத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் பக்கம் குனிந்து, அப்பா போனதை இன்னும் ஏத்துக்கல சார், சின்னப் புள்ளைங்க என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். பிள்ளை காதில் விழுந்துவிட்டது.

இந்த மாதம் ஒன்றாம் தேதி திங்கட்கிழமை காலை மூக்கையா அரை ஷிப்ட்டை விட்டுவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிப்போட்டு வகுப்பு வாசலில் நின்றார். டீச்சர், எம்புள்ள என் கைய விடமாட்டேங்குது, எங்க போனாலும் பின்னாலேயே வருது, நான் செத்துட்டேன்னு நீங்க சொன்னீகளாம்ல என்றார். அப்படியெல்லாம் இல்லீங்க என்று ஆரம்பித்தேன். அவருக்குப் பின்னால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விஜயராணி நின்றிருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, இந்தப் பெஞ்சுக்கு நான் சாகணுமா டீச்சர் என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவர்கள் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம் சொந்தபந்தத்தில் உயிரோடு இருக்கிற ஒருவரைப் பற்றி இப்படி எழுதியிருப்பேனா என்று அன்று முழுவதும் என்னையே கேட்டுக்கொண்டேன். எழுதியிருக்க மாட்டேன் கண்ணு. இவர்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள், யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று என் மனதுக்குள் எங்கோ இருந்திருக்கிறது. இதை உன் அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் லைன் வீட்டுக்குப் போனேன். மூக்கையாவின் மனைவி ராக்கம்மாள் வாசற்படியிலேயே நின்றாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. தாலியோட நிக்கிற என்னைய அறுத்தவளா எழுதிட்டீக, எங்ககிட்ட மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகுது, எம்புள்ளகிட்ட சொல்லுங்க என்றாள். குழாயடியில் நாலைந்து பெண்கள் குடத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஜயராணி முன்னால் உட்கார்ந்து, உங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆகலை சாமி, நல்லா இருக்காரு, டீச்சர்தான் பொய் சொல்லிட்டேன் என்றேன். முப்பது வருஷமாகப் பொய் சொல்லாதே என்று சொல்லிக் கொடுத்த வாய். விஜயராணி அவள் அம்மா புடவைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். மறுநாள் வகுப்பிலும் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொன்னேன். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, பெஞ்சு வந்தாச்சு, இனி எதுக்குங்க டீச்சர் கிளறிக்கிட்டு என்றார். விஜயராணி தினமும் வருகிறாள். பெஞ்சில் மட்டும் உட்காருவதில்லை, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறாள். நான் உட்காரச் சொல்லவில்லை, எந்த முகத்தோடு சொல்வது.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். நான் எழுதியதை இன்டர்நெட்டிலிருந்து உடனே எடுத்துவிடு. கொடுத்தவர்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், அதை இங்கிலீஷில் மாற்றி என் பெயரிலேயே அனுப்பு, அந்த நண்பருக்கும் அனுப்பு. திருப்பிக் கேட்கிறவர்களுக்கு என் சம்பளத்திலிருந்து கொடுத்துவிடுகிறேன். உன் நண்பர்கள் முன்னால் உனக்குத் தலைகுனிவுதான், அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னையும் பொய்யனாக்கிவிட்டேன், இந்த அம்மாவை மன்னித்துக்கொள்.

குளிர் ஆரம்பித்துவிடும், பாப்பாவுக்குக் காதை மூடிக் கூட்டிப் போங்கள், தரணியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் இதையும் சொல்லிவிடுகிறேன், இங்கிலீஷில் மாற்றும்போது தெரியாமல் நேர்ந்தது, தவறுதலாக எழுதப்பட்டது என்று ஒரு சொல்கூடச் சேர்க்காதே சாமி. உனக்கு மனசு கேட்காது, எனக்குத் தெரியும். ஆனால் நான் தெரிந்துதான் எழுதினேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ராமாத்தாள்