நான்கு விரல் தடம்

வாலிநோக்கம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மச்சானுக்கு நூர் நிஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அம்ரீன் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். மாமா இரண்டு வேளை கஞ்சி குடிக்கிறார். வீட்டில் வேறு குறை இல்லை. நான் நலமா என்று மட்டும் இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் ஸலாம்கூடச் சொல்லாமல், வாப்பா கையில் என்ன காயம் என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள், உண்மையைச் சொல், நீ என்ன செய்தாய் என்றீர்கள். போனை அம்ரீனிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். சுஐபு வெள்ளிக்கிழமை சவூதிக்கு, நீங்கள் இருக்கும் தம்மாமுக்கே புறப்படுகிறார். கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் என்றால் பாதியில் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தை முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும்.

உங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு நேரம் ஆகவில்லை. நீங்கள் ராமநாதபுரத்துப் பயிற்சி நிலையத்தில் பேசி அனுப்பிவைத்த பூமயில்தான். சிக்கல் பக்கத்துப் பெண், இருபத்துமூன்று வயது. வந்த அன்றைக்கே நோயாளி பராமரிப்பில் ஆறு மாதம் படித்த சர்டிபிகேட்டைக் கண்ணாடித் தாள் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். மாமா பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று வருடமும் பார்த்த எனக்கு யாரும் ஒரு துண்டுக் காகிதம் தரவில்லையே என்று சுருக்கென்றது. அந்தப் பொறாமையை உங்களிடம் மறைக்கப்போவதில்லை.

ஆனால் சந்தேகம் பொறாமையால் வந்ததில்லை. அவள் பார்த்த பார்வையால் வந்தது. எப்போதும் ஒரு நீல நோட்டு. நான் பக்கத்தில் போனால் மூடிவிடுவாள். மாமாவின் படுக்கைக்கு அருகில் செல்போனை நீட்டிக்கொண்டு நிற்பாள், என்னைக் கண்டதும் இடுப்பில் செருகிக்கொள்வாள். உம்மாவுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வாங்க என்று அம்ரீனிடம் கேட்டிருக்கிறாள். சின்னப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது? பக்கத்து வீட்டு ருக்ஸானாவிடம், பெரியவருக்கு ஒழுங்காகச் சாப்பாடு கொடுக்கிறார்களா என்று விசாரித்திருக்கிறாள். முதலில் திருட வந்தவள் என்று நினைத்து பீரோ சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு திரிந்தேன். பிறகு உங்கள் கூடப்பிறந்த ராத்தா லத்தீபா வைத்த ஒற்றாக இருக்குமோ என்று நினைத்தேன். ராத்தா என்னை மன்னிக்கட்டும்.

நேற்று அவள் துணி துவைக்கப் பின்பக்கம் போனபோது அவளுடைய பையைத் திறந்தேன். தப்புதான். நீங்கள் அப்படிக் கேட்ட பிறகு எது தப்பு, எது சரி என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை. நோட்டில் நாள் வாரியாக எழுதியிருந்தாள். எத்தனை தடவை திருப்பிப் படுக்கவைத்தாள், எவ்வளவு தண்ணீர் குடித்தார், பிரஷர் எவ்வளவு, எல்லாம். அதற்கு நடுவில் இப்படியும் இருந்தது. காலை 9.40. மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பாட்டுகிறார். என்னை உள்ளே விடவில்லை. முனகல் சத்தம். 10.05. கதவு திறந்தது. வலது மேல்கையில் நான்கு விரல் தடம், நீலமாக.

அவள் வந்த பன்னிரண்டு நாளும் இதே. விரல் தடம் என்று எழுதிய இடத்தில் அடிக்கோடு வேறு.

மச்சான், எத்தனை ராத்திரி கண் விழித்திருப்பேன், எத்தனை விரிப்பு அலசியிருப்பேன், கடைசியில் என் வீட்டுக்குள் உட்கார்ந்து, என் கையால் சோறு தின்றுகொண்டு, என்னைக் கொடுமைக்காரி என்று ஒருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளை அன்றைக்கே வண்டியேற்றிவிடுவது என்றுதான் முடிவு செய்தேன்.

நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அழுவாள், காலில் விழுவாள் என்று நினைத்தேன். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அவர் பேச முடியாதவர் அக்கா, அவருக்காக யாராவது எழுதத்தானே வேணும் என்றாள். போட்டோ எடுத்து நிலையத்து மேடத்துக்கு அனுப்பியதும் அவள்தான். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள் என்பதால் மேடம் உங்களுக்குப் பேசியிருக்கிறார். யார் மேல் சந்தேகமோ அவர்களிடம் முதலில் சொல்லக்கூடாது என்பது அவர்கள் படித்த விதியாம்.

பிறகு பாடப் புத்தகத்தை எடுத்து வந்து ஒரு பக்கத்தைக் காட்டினாள். வீட்டில் முதியவர்கள் துன்புறுத்தப்படுகிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்ற பாடம். வெளியாளை அறைக்குள் விடமாட்டார்கள். காரணம் சொல்லாத காயம் இருக்கும். பெரியவரிடம் கேட்டால் வீட்டுக்காரர்கள் முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள். படித்துப் பார்த்தேன். மூன்றும் நம் வீட்டில் இருக்கிறது. மாமாவுக்கு நாக்கு புரளாது என்று எல்லாவற்றுக்கும் நான்தானே பதில் சொல்கிறேன்!

ஏன் அக்கா கதவைச் சாத்துறீங்க என்று அப்போதுதான் கேட்டாள். இதை முதல் நாளே கேட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. நானும் முதல் நாளே சொல்லவில்லை. நம் தெருவில் இதை யாரும் யாருக்கும் சொன்னதில்லை, எல்லாருக்கும் தெரியும். அந்நியப் பெண்ணின் கை தன் வெற்றுடம்பில் படக்கூடாது என்று இருக்கிற மனிதர் மாமா. வீட்டுக்குள்கூட சட்டைப் பொத்தானை மேலே வரை போட்டுக்கொண்டு நடந்தவர். மருமகள் மகள் மாதிரி, மார்க்கத்தில் தடையில்லை என்று ஆலிம்சா வந்து சொன்ன பிறகுதான் என்னையே விட்டார். இடுப்புக் கைலியை நான் அவிழ்ப்பதில்லை. ஈரக் கைலிக்கு மேலேயே காய்ந்த கைலியைச் சுற்றி, அடியில் உருவி எடுப்பேன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுவும்போது அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முனகுவார். அது வலி இல்லை, வெட்கம். இதையெல்லாம் சொல்லி முடித்தபோது பூமயில் தலையைக் குனிந்துகொண்டாள். பயிற்சியில் பொம்மையைத்தான் குளிப்பாட்டக் கொடுத்தாங்க அக்கா, பொம்மைக்கு வெட்கம் கிடையாதே என்றாள்.

விரல் தடம் என்னுடையதுதான், மச்சான். அதையும் எழுதிவிடுகிறேன். நாற்காலியில் உட்காரவைக்க மேல்கையைப் பிடித்துத் தூக்குவேன். எனக்குத் தெரிந்தது அதுதான். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களுக்கு லேசாக அழுத்தினாலே கன்றிப்போகுமாம், பூமயில் சொன்னாள். மூன்று வருடமாக அந்த மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்கிறேன், ஒரு டாக்டரும் இதை என்னிடம் சொன்னதில்லை. அந்தத் தடம் மறைவாக இருக்கவில்லை, தினமும் என் கண்ணெதிரே இருந்தது. வயசான தோல் என்று நினைத்துக்கொண்டேன். நான் கொடுமைக்காரி இல்லை, ஆனால் அவருக்கு வலித்திருக்கிறது.

புதன்கிழமை

நேற்று இதோடு நிறுத்திவிட்டேன். இன்று காலை நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

கதவுக்குப் பதிலாக ஒரு சேலையைத் திரையாகக் கட்டினோம். பூமயில் திரைக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். அங்கிருந்தே சொல்லச் சொல்ல நான் செய்தேன். நீளத் துண்டை நாலாக மடித்து மாமாவின் இடுப்பைச் சுற்றிப் போடுங்க, இரண்டு கையாலும் துண்டைப் பிடிங்க, உங்க முழங்காலை மடக்குங்க, தூக்கப்போறேன்னு அவர்கிட்டச் சொல்லிட்டுத் தூக்குங்க என்றாள். இந்தக் கடைசி ஒன்று எனக்குத் தோன்றியதே இல்லை. மாமா, இப்போது தூக்கப்போகிறேன் என்றேன். அவரும் இடது காலை ஊன்றிக் கொஞ்சம் எழுந்து கொடுத்தார். மூன்று வருடத்தில் முதல் தடவை. கையில் புதிதாக ஒரு தடம் இல்லை.

ஆனால் முனகல் நிற்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. திரைக்கு வெளியே பூமயிலும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். இன்றைக்கு நோட்டில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். நீட்டினாள். வலி இல்லை, ஆண் உதவியாளர் தேவை என்று எழுதியிருந்தாள்.

மதியம் மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் வருத்தம் தெரிவித்தார். உங்களிடமும் பேசுவதாகச் சொன்னார். என்னைப் போல் வீட்டிலேயே பார்த்துப் பழகியவர்களுக்கு மூன்று மாத வகுப்பு இருக்கிறதாம், பரீட்சை எழுதினால் சர்டிபிகேட் உண்டு என்றார். வரும் மாதத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் போகிறேன் என்று பெயரைக் கொடுத்துவிட்டேன். உங்களிடம் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். பூமயில் இருக்கட்டும், அவளை நிறுத்தவேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு சம்பளம் வாங்கிப் போகிறவளைவிட இவள் மேல்.

மாமாவுக்கு ஒரு ஆண் கிடைப்பாரா என்றும் கேட்டேன். இதுவரை படித்து முடித்தவர்களில் ஆண் ஒருவர்தானாம். அவரும் வேலை கிடைத்து துபாய்க்குப் போய்விட்டார். நம் பக்கத்து ஆண்கள் இந்தப் படிப்புக்கு வருவதே இல்லை என்று மேடம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூமயில் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவளுக்கு என்னோடு பன்னிரண்டு நாள் பழக்கம், அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவள் செய்தாள். உங்களுக்கு என்னோடு பதினேழு வருடம். வந்து தங்கிய நாட்களை மட்டும் சேர்த்தால் மூன்றரை வருடம்கூட வராது, அது வேறு விஷயம். ஒரு போட்டோவைப் பார்த்து நீங்கள் நம்பினீர்கள் என்று நான் முதலில் நினைத்தேன். இப்போது எனக்கு வேறொரு சந்தேகம். போன வருடம் நாற்பது நாள் லீவில் வந்தீர்கள். நாற்பது நாளும் ஒன்பதரை மணி ஆனால் உங்களுக்குக் கடைத்தெருவில் வேலை இருந்தது. ஒரு நாள்கூட மாமாவைக் குளிப்பாட்டும் அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இல்லை. உங்கள் வாப்பாவை அந்தக் கோலத்தில் பார்க்க உங்களுக்குப் பயம், மச்சான். பயத்தை என் மேல் கோபமாகத் திருப்பிவிட்டீர்கள். நான் சொல்வது தப்பென்றால் தப்பென்று எழுதுங்கள்.

சரியென்றால் எழுதவேண்டாம். முதலாளியிடம் லீவு கேளுங்கள். மன்னிப்பு என்ற வார்த்தை எனக்கு வேண்டாம், அத்தர் பாட்டிலும் வேண்டாம். பதினைந்து நாள் கிடைத்தாலும் வாருங்கள். மாமா என் முன்னால் கண்ணை மூடிக்கொள்கிறார். மகன் முன்னால் திறப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை, பார்க்கவேண்டும். அல்லாஹ் உங்கள் மனதுக்குத் தெம்பைத் தரட்டும், பிரயாணத்தை லேசாக்கட்டும், வாப்பாவின் துஆ உங்களுக்குக் கிடைக்கட்டும். எப்படித் தூக்குவது என்று பயப்படாதீர்கள். முதல் நாள் நான் கூட நின்று சொல்லித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நூர் நிஷா