பட்டுக் கயிற்றில் ஏறமாட்டோம்

மலைச்சுனை வற்றாததும் மக்கள் நா பொய்க்காததுமான முல்லைவரை நாட்டை ஒரு குடைக்கீழ்க் காக்கும் வரைகாத்த பெருமானின் அருகிருந்து, அறம் எது ஆணை எது என்று அன்றாடம் ஆய்ந்துரைக்கும் பேரமைச்சர் மானவல்லர் திருமுன்பு, மணிமுற்றக் கடிகை என்னும் கல்விச்சாலையில் கற்று, இப்போது நெடுந்துறையில் மரக்காவல் அதிகாரியாக இருக்கும் சேந்தன் கீரன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டை வாயில்கள் பகைக்கு அடைத்தும் இரவலர்க்குத் திறந்தும் நிற்க; தங்கள் களஞ்சியமும் குளங்களும் ஒன்றுபோல் நிறைக; தங்கள் இல்லத்தார் அனைவரும் நலமுடன் இருக்க.

தங்கள் கட்டளை வந்து சேர்ந்தது. தூதர் ஐயனடியார் அதைத் தேர்வீதி மருதமரத்தின் அடியில் நின்று, மரமேறிகள் எல்லோரும் கேட்க, உரக்கப் படித்தார். வீதியின் மேல் முறிந்து தொங்கும் மருதங்கிளையைத் தேர்த்திருவிழாவுக்கு முன் அறுத்து இறக்க வேண்டும் என்றும், மரமேறிகளின் தலைவி சாத்தி ஏற வேண்டும் என்றும், ஏறுபவள் அரண்மனை அனுப்பிய பொன்னிழைப் பட்டுக் கயிற்றையே கட்ட வேண்டும் என்றும், அதில் தாமரை முடிச்சு அன்றி வேறு முடிச்சு இடலாகாது என்றும், மறுத்தால் மரமேறிகள் குடியிருப்பை விட்டு நாட்டெல்லைக்கு அப்பால் அனுப்பப்படுவர் என்றும் அக்கட்டளை கூறுகிறது.

இதை நான் நிறைவேற்றவில்லை. நிறைவேற்றப் போவதும் இல்லை. காரணத்தை எழுதுவது என் கடமை, ஆதலால் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டும் இதே மரம், இதே கிளை, இதே கட்டளை. அன்று ஏறியவள் பூதி. சாத்தியின் தங்கை, என் மனைவி. கிளையின் பாதி வரை போனாள். முடிச்சு அவிழ்ந்தது. வீதியில் விழுந்து இறந்தாள். கிளை அறுபடாமலே நின்றது. தங்கள் இரங்கல் ஓலை பட்டுத்துணியில் சுற்றி வந்தது. ஓலையை வைத்துக்கொண்டேன், துணியைத் திருப்பி அனுப்பினேன். இதை முறையீடாக எழுதவில்லை. இவ்வழக்கில் முன்பு நடந்தது இது என்பதற்காக எழுதுகிறேன்.

அப்போது அரண்மனை விசாரணையில், ஏறியவளின் கை பிசகியது என்று முடிவு செய்தார்கள். தாமரை முடிச்சு அவிழாது என்பதே அம்முடிவுக்கு ஆதாரம். ஏனெனில் தேர்வடத்தில் அதே முடிச்சைத்தான் இடுகிறோம். ஊரே கூடி இழுத்தும் அது இந்நாள்வரை அவிழ்ந்ததில்லை. ஊர் இழுத்தும் அவிழாத முடிச்சு ஒரு பெண்ணின் எடைக்கு அவிழுமா என்று விசாரணையில் கேட்டார்கள். அவையோர் தலையசைத்தார்கள். நானும் அவையில் இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

அவிழும். தாமரை முடிச்சு இரு கயிற்றுத் தலைப்புகளை இணைப்பது; தேர்வடம் இரு பக்கமும் ஒரே நேர்கோட்டில் இழுபடுகிறது. அதனால் தாமரை முடிச்சு இறுகுகிறது. மரத்தில் அப்படி இல்லை. ஏறுபவர் நகர்கிறார், சாய்கிறார், ஊசலாடுகிறார். முடிச்சின் தளர்ந்த நுனி ஒரு கணுவில் மாட்டி வெடுக்கென்று இழுபட்டால் போதும்: முடிச்சு புரளும், ஒரு கயிறு நேராகிவிடும், மற்றது அதன்மேல் வெறும் வளையமாகி வழுக்கி வெளியே வரும். நார்க் கயிறானால் சொரசொரப்பு சிறிது நேரமாவது பிடிக்கும். பட்டு அதையும் செய்யாது. கட்டுவதற்கான முடிச்சு வேறு, தொங்குவதற்கான முடிச்சு வேறு. தேர் இழுப்பவர்களைப் பார்த்து மரம் ஏறுபவர்களுக்கு விதி எழுதியதே பிழை. பூதியின் கை பிசகவில்லை.

மரமேறிகள் இடும் முடிச்சைத் தாங்கள் கண்டிருக்க வாய்ப்பில்லை என்பதால் அதையும் சொல்கிறேன். மருள் என்னும் செடியின் நாரில் திரித்த தடித்த கயிற்றை மேல்கிளையில் போட்டு இரு தலைப்பும் தொங்கவிடுவார்கள். கிளை உராயும் இடத்தில் தோலுறை இடுவார்கள். அது கயிற்றையும் காக்கும், மரத்தோலையும் காக்கும். இடுப்பில் கட்டிய தோல் இடைவாரிலிருந்து வரும் மெல்லிய கயிற்றை அத்தடித்த கயிற்றின்மேல் பல சுற்று சுற்றி, திரும்ப உள்வாங்கி இறுக்குவார்கள். இதற்குப் பற்று முடிச்சு என்று பெயர். எடை விழுந்தால் கவ்வும். கையால் தள்ளினால் நகரும். சுற்றும் கயிறு எப்போதும் மெலிதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே தடிமன் என்றால் கவ்வாது. மழை நாளில் ஒரு சுற்றுக் கூட்டுவார்கள். கயிற்றின் கடைநுனியில் பெருமுடிச்சு ஒன்று கட்டாயம் இருக்கும், இறங்குபவர் கயிறு தீர்ந்தது அறியாமல் வெறும் வெளியில் இறங்கிவிடாதிருக்க. கிளை அறுக்கும் ஈர்வாளைக் கையில் எடுக்கும்போது இரண்டாவது கட்டு ஒன்று போடுவார்கள். தன் வாளே தன் கயிற்றை அறுத்துவிடலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். தேங்காய் நாரை ஏன் எடுப்பதில்லை என்று நான் ஒருமுறை கேட்டேன். அது கையைத் தின்னும், உள்ளே இற்றுப்போயும் வெளியே அழகாக இருக்கும் என்றார்கள்.

இந்தப் பற்று முடிச்சைத்தான் தேர்வீதியில் விலக்கியிருக்கிறீர்கள். அது தூக்குக்கயிற்றின் சுருளை ஒத்திருக்கிறது என்பது காரணம். முன்னொரு மன்னர் காலத்தில் குற்றமற்ற ஒருவனை இந்த மருதில் தூக்கிலிட்டார்கள் என்றும், அதன்பின் மழை பொய்த்தது என்றும், அதுமுதல் சுருள் முடிச்சு எதுவும் தேர்வீதியின் மேல் தொங்கலாகாது என்றும் விதி பிறந்தது. குற்றமற்றவனைக் கொன்றதற்குக் கழுவாயாக எழுந்த விதி அது. அந்த விதியால் குற்றமற்ற இன்னொரு உயிரும் போயிற்று. கழுவாய் எங்கே இருக்கிறது என்று தாங்களே பார்த்துக்கொள்க.

தூதர் கட்டளையைப் படித்து முடித்ததும் சாத்தி அவரை நோக்கி, "ஐயா, குரல் நன்றாக இருக்கிறது, அதே மூச்சில் மேலே ஏறியும் காட்டுங்கள், நான் கீழே நின்று தாமரையைப் பார்த்துக் கும்பிடுகிறேன்" என்றாள். கூட்டம் சிரித்தது. ஐயனடியார் நல்லவர், கோபிக்கவில்லை. அது மங்கல முடிச்சு, அம்மையார் அவ்வாறு பேசலாகாது என்று மட்டும் சொன்னார். மங்கலம் தரையில் இருக்கட்டும், நான் இருக்கப்போவது கிளையில் என்று அவள் விடை சொன்னாள்.

பேச்சால் தீராது என்று கண்டு, சாத்தியின் எடைக்கு ஈடாக மணல்மூட்டை ஒன்று கட்டச் சொன்னேன். அரண்மனைப் பட்டுக் கயிற்றை எடுத்தோம். தாமரை முடிச்சைத் தூதரே தம் கையால் இட்டார். நன்றாகவே இட்டார். இரு பக்கமும் ஆட்கள் நின்று இழுத்தபோது முடிச்சு அசையவில்லை. ஐயனடியார் முகம் மலர்ந்து, இப்போது அதிகாரியார் என்ன சொல்கிறார் என்று கேட்டார். மூட்டையை மரத்தில் ஏற்றினோம். கிளை நுனிக்கு நகர்பவரைப் போலப் பக்கவாட்டில் ஆட்டினோம். சிறிது நேரம் தாங்கியது. பிறகு தளர்ந்த நுனி ஒரு கணுவில் மாட்டியது. மூட்டை வீதியில் விழுந்து வெடித்தது.

யாரும் சிரிக்கவில்லை. தூதர் குனிந்து அந்த மணலைக் கிளறிப் பார்த்து, மூட்டையைக் கட்டியதில் ஏதேனும் பிழை இருக்கலாமோ என்று மெல்லக் கேட்டார். சாத்தி அவரிடம், "பிழை இல்லை ஐயா, மணல் கத்தவில்லை, அது ஒன்றுதான் குறை" என்றாள்.

மருள் கயிற்றில் பற்று முடிச்சிட்டு வேறொரு மூட்டையைத் தொங்கவிட்டோம். எப்படி ஆட்டியும் விழவில்லை. தூதரைத் தம் கட்டைவிரலால் முடிச்சைத் தள்ளிப் பார்க்கச் சொன்னோம். அது வழுக்கி இறங்கியது; விட்டதும் நின்றது. அவர் மறுபடியும் தள்ளினார். மறுபடியும் நின்றது. பக்கத்தில் ஒருவர், "தூதரையா, கயிறு தேயும்" என்று சொல்லும்வரை அவர் விடவில்லை.

புறப்படும் முன் ஐயனடியார் என்னைத் தனியே அழைத்து ஒரு வழி சொன்னார். பற்று முடிச்சையே இடுக, ஆனால் அதன்மேல் பூமாலை சுற்றி மறைத்துவிடுக, வெளியே ஒரு தாமரை முடிச்சு ஒப்புக்குத் தொங்கட்டும், பேரமைச்சரும் கண்டுகொள்ளமாட்டார், அம்மையாரும் உயிரோடு இறங்குவார் என்றார். அன்போடுதான் சொன்னார். சாத்தியும் அதைக் கேட்டாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒப்பியிருந்தால் அவளும் ஒப்பியிருப்பாள் என்று நினைக்கிறேன். குடியிருப்பில் அவளுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான் ஒப்பவில்லை. மரமேறிகள் தம் எடையைக் கயிற்றில் வைப்பதற்கு முன் முடிச்சைக் கண்ணால் பார்க்கிறார்கள். கீழே நிற்பவரும் பார்த்து, சரி என்று குரல் கொடுக்கிறார். ஒவ்வொரு முறையும், எத்தனை ஆண்டு ஏறியவராயினும். பூவுக்குள் மறைந்த முடிச்சை யாரும் பார்க்க முடியாது. சுற்று ஒன்று குறைந்தாலும் தெரியாது. மேலும், இந்த ஆண்டு மறைத்தால் அடுத்த ஆண்டும் மறைக்க வேண்டும். அதற்கடுத்து வரும் அதிகாரி மறைப்பதை மறந்துவிட்டுத் தாமரையை மட்டும் கட்டச் சொல்வார். பொய்யில் ஒருவரைத் தொங்கவிட எனக்கு மனமில்லை. இதைத் தூதரிடம் சொன்னேன். பட்டுக் கயிற்றை அவரிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

இனி நான் செய்துள்ளவற்றை அறிவிக்கிறேன். சாய்ந்த மரமோ முறிந்த கிளையோ உள்ள எந்த வழியையும் மரக்காவல் அதிகாரி அடைக்கலாம் என்றும், அரசரின் யானையும் தேரும் அதற்கு விலக்கல்ல என்றும் நம் பெருமானின் பாட்டனார் அளித்த செப்பேடு கூறுகிறது. அதன்படி நெடுந்துறைத் தேர்வீதியை அடைத்துவிட்டேன். வீதியின் இரு முனையிலும் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறது. அந்தக் கயிறுகளுக்குத் தாமரை முடிச்சே இட்டிருக்கிறோம். அந்த வேலைக்கு அது நல்ல முடிச்சு. கடைக்காரர்கள் ஏசுகிறார்கள். தேரோட்டிகள் என்னைப் பெயர் சொல்லித் திட்டுகிறார்கள். திட்டட்டும். கிளைக்கு நேர்கீழே இப்போது யாரும் நிற்பதில்லை.

மரமேறிகள் யாரும் என் கட்டளையை மீறவும் இல்லை, தங்கள் கட்டளையை மறுக்கவும் இல்லை. மறுத்தவன் நான் ஒருவன். நாட்டெல்லைக்கு அப்பால் ஒருவரை அனுப்ப வேண்டுமெனில் என்னை அனுப்புக. எனக்கு இங்கே எடுத்து வைக்க அதிகம் இல்லை. மரமேறிகளை அனுப்பினால், இந்த நாட்டில் ஓங்கி வளர்ந்த மரங்கள் அத்தனைக்கும் கீழே தாங்களே குடை பிடித்து நிற்க நேரும்.

தேர் ஓட வேண்டுமானால் கிளை இறங்க வேண்டும். கிளை இறங்க வேண்டுமானால் சாத்தி ஏற வேண்டும். சாத்தி ஏற வேண்டுமானால் மருள் கயிறும் பற்று முடிச்சும் பட்டப்பகலில், பூ இல்லாமல், துணி இல்லாமல், வீதியில் எல்லோர் கண்ணிலும் படத் தொங்க வேண்டும். அதற்கு அரச இலச்சினையிட்ட இசைவோலை தேவை. வாய்மொழி போதாது. அவ்வோலை வந்த அன்றே ஏறுவாள். அவள் முடிச்சைப் பார்த்துக் குரல் கொடுக்கக் கீழே நான் நிற்பேன். வராதவரை தேர் நிலையிலேயே நிற்கும்.

இது கிளை தாங்கும்வரை மட்டுமே காத்திருக்கக்கூடிய செய்தி; கிளையின் பொறுமைக்கு நான் பொறுப்பல்ல. ஆகவே விரைந்து விடை தருக. மரக்காவல் இலச்சினையை அரக்கில் பதித்து, ஐயனடியார் சாட்சியாக, நெடுந்துறை மருதின் அடியில் எழுதி விடுத்தேன். முல்லைவரை நாடு வாழ்க, அதன் மேல் ஏறுவோரும் கீழ் நிற்போரும் வாழ்க.

பட்டுக் கயிறும் தாமரை முடிச்சுமே வேண்டும் என்பது தங்கள் முடிவானால், முதலில் தாங்களே ஏறி வழிகாட்டுக. இடைவார் தைக்கத் தோல் ஊறவைத்திருக்கிறோம். இடுப்பளவு அனுப்புக.