நின்ற இடத்தில் நடுங்கும் வண்டி

செவ்வாய், 2 ஜூலை 1985

வெக்கை. மத்தியானம் வரை கடல் காற்று எட்டிப் பார்க்கவில்லை. மாத்திரை போட்டாயிற்று.

வண்டியின் தார்ப்பாயை எடுக்க இன்றுதான் மனசு வந்தது. ஊர் திரும்பி ஒரு மாதமாகிறது. மனைவி சரோஜா போய்ச் சேர்ந்தது பிப்ரவரியில். நான் அப்போது பிரான்சில், மர்சே ஆஸ்பத்திரிக் கட்டிலில், நெஞ்சைத் திறந்து தைத்த புதிது. விமானம் ஏறக்கூடாது என்றார்கள். நான் வந்து பார்த்தது மாலை போட்ட போட்டோவை.

பாட்டரி சார்ஜ் செய்து மாட்டி, பழைய பெட்ரோலை இறக்கிப் புதுசு ஊற்றி, சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. ஆனால் நின்ற இடத்தில் ஒரே நடுக்கம். ஸ்டேரிங் உதறுகிறது, கண்ணாடிகள் கடகட. தெருமுனை வரை சத்தம். மிதித்தால் சரியாகிறது, காலை எடுத்தால் மறுபடி குளிர்ஜுரம்.

கப்பலில் கொண்டுவந்த டர்போ வண்டி. இந்த ஊரில் இரண்டாவது கிடையாது. நான் விட்டுப் போனபோது பானெட் மேல் காபி டம்ளரை வைத்தால் ததும்பாது.

மெட்ராஸ் டாக்டர் ஒருவர் வண்டியைப் பார்க்க அடுத்த சனிக்கிழமை வருகிறார். நடுங்காமல் நின்றால் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. வண்டி போனால் நானும் கலாவிடம் மர்சேக்கே போய்விடலாம். மகள் போனில் தினமும் அதையேதான் சொல்கிறாள். இங்கே யார் இருக்கிறார்கள்.

வியாழன், 4 ஜூலை

காதர் பாய் வந்தார், மெக்கானிக். ரலாந்தி கெட்டிருக்கிறது என்றேன். ஐட்லிங்கா என்றார். பானெட்டைத் திறந்ததும் டர்போவைப் பார்த்து, இதுதான் எமன் என்று தீர்ப்பு. கழற்றிவிட்டுச் சாதாரண வண்டியாக்கிவிடலாமாம். நான் செத்த பிறகு கழற்றிக்கொள்ளுங்கள் என்றேன்.

கையேடு பிரெஞ்சில். நான் வாசிக்க, அவர் செய்ய. டர்போவின் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தார், பட்டுப்போல் சுற்றியது. அவர் முகம் தொங்கிவிட்டது. பாவம்.

பிறகு ரப்பர் குழாய்களில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒன்றில் வெடிப்பு, அந்த இடத்தில் தண்ணீரை உறிஞ்சுகிறது. உப்புக் காற்று தின்றது. மாற்றியதும் கொஞ்சம் அடங்கியது. முழுசாக இல்லை.

கரண்ட் கட். மின்விசிறி இல்லாமல் தூக்கமில்லை. சங்கரா மீன் வாங்கி, சமைக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டு ஃபிலோமினாவிடம் கொடுத்தேன். குழம்பாகத் திரும்பி வந்தது.

வெள்ளி, 5 ஜூலை

கா. பாய் ஓடுகிற எஞ்சினில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒன்றை எடுத்தால் எஞ்சின் தடுமாற வேண்டும். மூன்றாவதை எடுத்தபோது ஒரு மாற்றமும் இல்லை. அந்த சிலிண்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

பிளக்கைக் கழற்றினார். நாலும் அடுப்புக்கரி. மூன்றாவது ஈரம் வேறு. எண்ணெய்க் கம்பியை முகர்ந்து என்னிடம் நீட்டினார். எண்ணெயில் பெட்ரோல் வாடை, தண்ணீராக ஓடுகிறது. சைலன்சரில் கறுப்புத் தண்ணீர்.

அவர் சொன்னது அப்படியே:

"இது ஓடிக் கெட்ட வண்டி இல்ல முசே. யாரோ நின்ன எடத்துலயே சோக்க முழுசா இழுத்துட்டு ஸ்டார்ட் பண்ணியிருக்காங்க. சூடாவறதுக்குள்ள அணைச்சிருக்காங்க. ஒரு தரம் ரெண்டு தரம் இல்ல. குளுருக்குப் பெட்ரோலக் கூட்டி விடறதுதான சோக்கு, நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு?"

ரத்தம் கொதித்துவிட்டது. சாவி இருந்தது சரோஜாவின் தம்பி ஏழுமலையிடம். பாட்டரி சாகாமல் வாரம் ஒருதரம் ஸ்டார்ட் செய்து, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வை என்று கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னேன். படுபாவி.

சனி, 6 ஜூலை

அரியாங்குப்பம் போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டே. ஏழுமலை மில் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தான். தட்டின் எதிரில் நின்று கத்தினேன். அக்கா புருஷன் சொத்து என்றால் அவ்வளவு இளக்காரமா என்றெல்லாம். அவன் தட்டைத் தள்ளிவைத்தான். கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டான். அவன் மனைவி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

திரும்பும்போது மழை. நெஞ்சில் தையல் போட்ட இடம் சுருக்சுருக்.

ஞாயிறு, 7 ஜூலை

கோட்டு தேய்க்கக் கொடுத்தாயிற்று. பதினாலாந்தேதி பிரெஞ்சு தேசிய நாள் ஊர்வலத்துக்கு, என்னைப்போல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா பென்ஷன்காரர்கள் எல்லோரும் வருவார்கள். எனக்கு இதுதான் இங்கே கடைசியாக இருக்கும். மெடல் துடைக்க வேண்டும்.

குழம்புச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஃபிலோமினாவிடம் ஏழுமலையைத் திட்டிய கதையைப் பெருமையாகவே சொன்னேன். அவள் சட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள். பிறகு சொன்னாள்.

ஏழுமலைக்கு அப்போது டபுள் ஷிப்ட். சரோஜா அவனிடம், நீ அலையாதே, நானே பார்த்துக்கொள்கிறேன், மாமாவிடம் சொல்லாதே என்று சாவியை வாங்கிவிட்டாளாம். வெள்ளிக்கிழமைதோறும் தலை முழுகி, வண்டிக்குக் கற்பூரம் காட்டி, ஸ்டேரிங் உள்ள இடதுபக்கம் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வாளாம். சரோஜா. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள்.

சோக்கை எங்கே கற்றாள் என்று யோசிக்கவே வேண்டாம். பிரான்சில் இருந்த அத்தனை வருஷமும், பனிக்காலத்தில் நான் முதலில் அதைத்தான் இழுப்பேன். அவள் பக்கத்தில் கம்பளிக்குள் சுருண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். வண்டி என்றால் அப்படித்தான் கிளப்புவது என்று நினைத்திருக்கிறாள். கொளுத்துகிற வெயிலில், வேர்க்க வேர்க்க.

உள்ளே என்ன செய்வாள் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"கண்ணாடிய ஏத்திக்கிட்டு அழுவாங்கண்ணே. ஒங்களுக்கு ஆப்பரேஷன்னு தெரிஞ்சதுலேந்து. ஊட்டுல அழுதா மேல் மாடில குடியிருக்கறவங்களுக்குக் கேக்குமாம். வண்டி போடற சத்தத்துல யாருக்கும் கேக்காதுன்னாங்க."

போனில் என்னிடம் பேசும்போதெல்லாம் சிரித்த குரல். இங்கே ஒன்றும் இல்லை, நீங்கள் உடம்பைப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை. நானும் நம்பினேன்.

சாப்பிடவில்லை.

செவ்வாய், 9 ஜூலை

மறுபடி அரியாங்குப்பம். ஏழுமலையின் கையைப் பிடித்துக்கொண்டேன். உடு மாமா என்றான். அக்காவுக்கு வாக்குக் கொடுத்தானாம். அவன் அழுததும் நானும்.

கா. பாய் பட்டியல்: புது பிளக் நாலு, எண்ணெய், ஃபில்டர், கார்பரேட்டர் சுத்தம். பெட்ரோல் கலந்த எண்ணெயோடு ஓட்டினால் டர்போ போய்விடும், உடனே செய்யவேண்டும் என்கிறார். எனக்குக் கை வரவில்லை. இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். என்ன சொல்வது? அந்தக் கரி முழுக்க அவள் உட்கார்ந்திருந்த நேரம். அவள் இந்த வீட்டில் எனக்காகச் செய்ததில் மிச்சம் அது ஒன்றுதான்.

சொன்னால் மனுஷர் சிரிப்பார்.

புதன், 10 ஜூலை

கலா போன். வண்டி வாங்கும் டாக்டர் சனிக்கிழமை கட்டாயம் வருகிறார் என்றேன், டிக்கெட் போடட்டுமா என்கிறாள். போடு என்றேன். கா. பாய்க்கு ஆள் அனுப்பினேன்.

வியாழன், 11 ஜூலை

வேலை நடந்தது. பழைய எண்ணெய் கறுப்பாக வாளியில் இறங்கியது. நான் உள்ளே போய்விட்டேன். கூப்பிட்டபோதுதான் வந்தேன்.

ஸ்டார்ட். நடுக்கம் இல்லை, உதறல் இல்லை, சத்தமும் இல்லை. சாவி திருப்பியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. கா. பாய்க்கு வாயெல்லாம் பல். நல்லா வந்துடுச்சில்ல முசே என்றார். நல்லா வந்துடுச்சு பாய் என்றேன். டர்போவைப் பழித்ததற்கு அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வெள்ளி, 12 ஜூலை

காலையில் தூறல், பிறகு வெயில். மாத்திரை. பால்காரன் வரவில்லை.

தலை முழுகினேன். கற்பூரம் காட்டினேன். இதெல்லாம் என் வழக்கமே இல்லை. இடதுபக்கம் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டேன். சோக்கைத் தொடவில்லை. வந்த நாளிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அங்கேதான் வந்தது. வாய்விட்டு. அவள் பெயரைச் சொல்லி.

இறங்கியபோது வேலி ஓரம் ஃபிலோமினா, கையில் காபி. எவ்வளவு நேரமாக நின்றாளோ. வெட்கமாக இருந்தது. கேட்டுதா என்றேன்.

"கேட்டுதுண்ணே," என்றாள். "வண்டி சத்தந்தான் கேக்கல."