மாத்திரையை நிறுத்தியவனுக்கு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அக்கா, அவள் பிள்ளை எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. கேட்டால் எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன் என்பாய், அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போனில் நான் குரலை உயர்த்தினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன், அக்கா இதைப் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்புவாள்.

அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நீ மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது என்று முந்தாநாள் நர்சரிக்குப் போன் பண்ணி அழுதுகொண்டேதான் சொன்னாள். மாத்திரை போட்டால் முகம் உப்புகிறது, கை நடுங்குகிறது, ஆபீசில் எல்லோரும் என்னவென்று கேட்கிறார்கள் என்றாயாம். அதுகூடப் போகட்டும், வயசுப் பிள்ளை, எனக்கும் புரிகிறது. அதற்குமேல் ஒன்று சொன்னாயாமே, "அம்மா கட்டுற ரோஜா ஒட்டு மாதிரிதான், குடுத்த கிட்னி பிடிச்சிக்கிச்சு, இனிமே கட்டு எதுக்கு" என்று. கேட்டதும் கையிலிருந்த ஒட்டுக் கத்தியை அப்படியே போட்டுவிட்டு நர்சரியிலிருந்து பாதி வேலையில் வீட்டுக்கு வந்துவிட்டேன், முதலாளியம்மா என்னவோ ஏதோ என்று வாசல்வரை ஓடிவந்தார்.

ரோஜாவை வைத்து எனக்கே பாடம் எடுக்கிறாயா? செடி வேறு, நீ வேறு. பட்டைக்கு அடியில் பச்சையும் பச்சையும் ஒட்டி நீர் ஏறிவிட்டால் செடி யார் நீ என்று கேட்காது, கட்டின நாடாவை அவிழ்த்துவிடலாம். உன் இரத்தத்தில் காவல் நிற்கும் வெள்ளை அணுக்கள் அப்படியில்லை. பெற்ற தாயே கொடுத்தாலும் என் சிறுநீரகம் அவற்றுக்கு அந்நியம்தான், மூன்று வருஷம் ஆனாலும் முப்பது வருஷம் ஆனாலும் அந்நியம்தான். மாத்திரை அவற்றை அடக்கி வைத்திருக்கிறது, அவ்வளவே. நிறுத்தினால் தலையெடுத்து அதைக் குதற ஆரம்பிக்கும், அதுவும் வலிக்காமல். பல்வலி வந்தால் ஊரையே கூட்டுவாய். சிறுநீரகம் வாயைத் திறக்காமல் கெட்டுப்போகும், கால் வீங்கி நீர் இறங்காமல் நிற்கும்போதுதான் தெரியும். டாக்டர் நம் இருவரையும் எதிரே உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னபோது நீ தலையை ஆட்டிக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

தொட்டியைத் தூக்கினால் எனக்கு இன்னும் விலாப்பக்கம் இழுக்கிறது. சொல்லிக்காட்டவே கூடாது என்று இருந்தேன், இப்போது சொல்லிக்காட்டுகிறேன். கொடுத்தது உனக்குத்தான், உன்னுடையதுதான், ஆனால் வீணடிக்க உனக்கு உரிமை இல்லை. அப்பா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் பழைய ரிப்போர்ட்டுகளையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வருவதில்லை. அக்கா பிள்ளைக்கு முன்பல் விழுந்திருக்கிறது, அதைக்கூட யாரும் சிரித்துப் பார்க்கவில்லை.

நேற்று அந்த டாக்டரைப் போய்ப் பார்த்தேன். இது போய்விட்டால் என்னிடம் மிச்சம் இருப்பதையும் எடுத்து இவனுக்கு வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர், "அதை யாரும் எடுக்க மாட்டாங்கம்மா" என்றார். ஆகவே தெரிந்துகொள், இனி உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

நாளைக் காலை முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் பார். மாத்திரையை நீயாக மறுபடி ஆரம்பிக்காதே, அங்கே அவர்கள் சொல்கிறபடி செய். கோபத்தோடுதான் ஆசீர்வாதம் பண்ணுகிறேன், நீண்ட ஆயுசோடு இரு. ரிசல்ட் எப்படி வந்தாலும் அக்காவிடம் சொல்லி அனுப்பாதே, எனக்கு நீயே போன் பண்ணு. நான் கத்த மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா